கல் கைப்பிடிச்சுவரை ஏன் பளபளவென்று கழுவுவதில்லை?

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைத் தோட்டங்களில் குட்டித்தூண்கள் வரிசையாக வைத்துக் கட்டிய கல் கைப்பிடிச்சுவர்கள் எதற்காக? கறுத்துப்போய்ப் பாசியேறி நிற்கும் அவற்றை ஏன் கழுவிச் சுத்தமாக வைப்பதில்லை? பார்ப்பது நிஜமாகவே செதுக்கிய பழைய கல்லா, அச்சில் வார்த்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

பக்கிங்ஹாம்ஷயரில், தேம்ஸ் நதியைப் பார்த்தபடி ஒரு குன்றின்மேல் கிளிவ்டன் மாளிகை இருக்கிறது. அதன் தெற்குப் பக்கம் ஒரு பெரிய செங்கல் மேடை. மேடைக்குக் கீழே, நதியை நோக்கி விரியும் தோட்டத்தின் தலைமாட்டில், ஒரு நீண்ட கைப்பிடிச்சுவர் நிற்கிறது. போர்கேசே பாலஸ்ட்ரேட் என்று அதற்குப் பெயர். 2004இல் அங்கே கற்சிற்பங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த தன்னார்வலர் ஒருவரின் கண்ணில் ஒரு நத்தை பட்டது. 11 மில்லிமீட்டர்தான் நீளம். ஒல்லியாக, முறுக்கி நீட்டிய ஓடு. ஈரமான ஆங்கிலத் தோட்டங்களில் காலில் மிதிபடும் நத்தை இனம் இல்லை அது. பாப்பிலிஃபெரா பைடென்ஸ் என்ற மத்தியதரைக்கடல் பகுதி நத்தை. இத்தாலியில் பழைய சுவர்களிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு, கல்மேல் படரும் பாசியை மேய்ந்து வாழ்வது.

இத்தாலிய நத்தை இங்கிலாந்துக் குன்றுக்கு எப்படி வந்தது? கல்லோடு வந்தது. இந்தக் கைப்பிடிச்சுவர் ரோம் நகரத்து வில்லா போர்கேசே தோட்டத்தில் இருந்தது. 1896இல் அதை விலைக்கு வாங்கிக் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அந்தப் பயணத்தில் கல் இடுக்குகளில் பதுங்கி வந்த சில நத்தைகளின் வம்சம் நூறாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே பெருகியிருக்கிறது என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இடையில் யாராவது ஒரு வருடம் அமிலமும் அழுத்த நீரும் வைத்துக் கல்லைப் 'புதுசாக்கி' இருந்தால் அந்த வம்சம் அன்றே முடிந்திருக்கும். நாம் அழுக்கு என்று பார்ப்பதுதான் அதற்குச் சோறு.

நத்தைக்காக மட்டும் கழுவாமல் விடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கல்லுக்காகவும்தான். அதைப் புரிந்துகொள்ள அது என்ன பொருள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1618–19 வாக்கில் ஜியுசெப்பே டி ஜியாகோமோ, பாவ்லோ மாஸ்ஸீனி என்ற இருவர் அதைச் செய்தார்கள். செய்யச் சொன்னவர் கார்டினல் சிபியோனே போர்கேசே. அப்போதைய போப் ஐந்தாம் பவுலின் சகோதரி மகன். இளைஞராக இருந்த சிற்பி பெர்னினிக்குப் பெரிய வேலைகளைக் கொடுத்து வளர்த்துவிட்டவர். ரோமுக்கு வெளியே தனக்கென்று ஒரு மாளிகையும் தோட்டமும் எழுப்பி, அதைக் கலைப்பொருள்களால் நிரப்பியவர். கைப்பிடிச்சுவரிலும் அந்தச் செல்வாக்கு தெரியும். வெறும் குட்டித்தூண் வரிசையோடு நிற்காமல், உட்காரக் கல்லிருக்கை, நீரூற்றுத் தொட்டி, செதுக்கிய கழுகு என்று இடையிடையே வருகின்றன. கழுகு போர்கேசே குடும்பத்தின் சின்னம். டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக்கல் வகையும் செங்கல்லும் கலந்து கட்டியது. வெளிறிய கல்லுக்குப் பக்கத்தில் செங்கல்லின் சிவப்பு வரும்போது நீளமான சுவர் சலிப்பூட்டாமல் போகிறது. இந்த வகையில் நான் அறிந்தவற்றில் இதைவிட நன்றாக அமைந்த ஒன்று இல்லை என்றே சொல்வேன்.

1890களில் போர்கேசே குடும்பம் கடனில் மூழ்கியது. கிளிவ்டனை 1893இல் வாங்கியிருந்தவர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர் என்ற அமெரிக்கப் பெருஞ்செல்வர். அதற்குப் பத்தாண்டு முன்பு ரோமில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். இத்தாலியக் கலை மீது அவருக்குத் தீராத ஆசை. அப்புறம் என்ன, சுவர் கைமாறியது. 1902இல் இத்தாலிய அரசு போர்கேசே மாளிகையையும் கலைத்தொகுப்பையும் வாங்கியபோது இது ஏற்கெனவே இங்கிலாந்தில் இருந்தது. இன்று ரோமில் போர்கேசே கலைக்கூடத்துக்கு முன்னால் நீங்கள் பார்ப்பது நகல்.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. கிளிவ்டனின் முதல் மாளிகை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் பக்கிங்ஹாம் கோமகனுக்காக வில்லியம் வின்ட் தொடங்கிய கட்டடம். 1795இல் ஒரு தடவை, 1849இல் இன்னொரு தடவை தீ. இப்போது நிற்கும் மாளிகை 1851இல் சார்லஸ் பாரி வடிவமைத்தது. வின்ட் கட்டிய மேடை மட்டும் தீயில் தப்பியது. அந்த மேடையைவிடக் கீழே நிற்கும் கைப்பிடிச்சுவர் மூத்தது. வந்தேறிதான் வீட்டிலேயே வயதில் பெரியது.

சரி, இவை எதற்கு என்ற முதல் கேள்வி. மேட்டில் வீடு கட்டினால் முன்னால் தரையைச் சமப்படுத்தி மேடை அமைக்க வேண்டும். மேடை முடியும் இடத்தில் ஆள் விழாமல் இருக்கத் தடுப்பு வேண்டும். கெட்டியான சுவராக எழுப்பினால் கீழே இருக்கும் தோட்டம் மறைந்துவிடும். குட்டித்தூண் வைத்தால் தடுப்பும் ஆச்சு, பார்வையும் போகவில்லை. ஆனால் இது மேலே நிற்பவருக்குச் சொல்லும் காரணம். கீழே தோட்டத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பாருங்கள்: வீட்டின் பாரம் சட்டென்று புல்லில் இறங்காமல், ஒரு கல் வரிசையில் கொஞ்சம் தங்கி இறங்குகிறது. கட்டடக் கலைஞர்கள் இதைச் செய்வது பெரும்பாலும் இந்தக் கீழ்ப்பார்வைக்காகத்தான்.

வயிறு பருத்த குட்டித்தூண் வடிவம் 15ஆம் நூற்றாண்டு இறுதி இத்தாலியில் உருவாகி அங்கிருந்து வடக்கே பரவியது. இங்கிலாந்தில் அதன் நல்ல ஆரம்ப உதாரணங்களில் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் சாமர்செட்டில் மான்டகியூட் மாளிகைக்குப் போங்கள். 1600ஐ ஒட்டிக் கட்டியது. கிழக்கு முற்றத்தைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர், அதன்மேல் ஊசிக்கோபுரங்கள், இரு மூலையிலும் குவிமாடக் கூரை வைத்த சின்ன மண்டபங்கள். எல்லாமே பக்கத்து ஹாம் குன்றில் வெட்டிய தேன் நிறக் கல். சாயங்கால வெயிலில் அந்த நிறத்துக்கு ஈடே கிடையாது.

18ஆம் நூற்றாண்டில் காற்று மாறியது. கேபபிலிட்டி பிரவுன் என்று பெயர் வாங்கிய தோட்டக் கலைஞர் லான்ஸ்லாட் பிரவுன் காலத்தில் புல்வெளி வீட்டு வாசல்வரை வர வேண்டும் என்பது மோகம். எத்தனையோ மேடைகளையும் கைப்பிடிச்சுவர்களையும் இடித்துச் சமமாக்கினார்கள். அடுத்த தலைமுறையில் ஹம்ஃப்ரி ரெப்டன் அவற்றை வீட்டுப் பக்கம் மெல்லத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு பாரி போன்றவர்கள் 1830, 40களில் டிரென்தம், ஹேர்வுட் என்று மாளிகைக்கு மாளிகை இத்தாலிய மேடைகளை அமைத்தார்கள். இன்று நீங்கள் பார்க்கும் தோட்டக் கைப்பிடிச்சுவர்களில் கணிசமானவை இந்த விக்டோரியக் காலத்தவை. என் அபிப்பிராயத்தில் அவற்றில் பல தேவைக்கு மேல் நீளம். ஆனாலும் வேலைத்தரம் உயர்ந்தது.

இப்போது கல்லின் உடம்புக்கு வருவோம். இதுதான் நான் நிதானமாகச் சொல்ல விரும்பும் பகுதி.

ஒரு கைப்பிடிச்சுவரில் நான்கு உறுப்புகள். கீழே அடிக்கல் வரிசை. அதன்மேல் குட்டித்தூண்கள். அவற்றின் தலையில் நீளமான மூடுகற்கள். சில அடிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் பெரிய சதுரத் தூண்கள். ஒவ்வொரு குட்டித்தூணின் உச்சியிலும் அடியிலும் துளை போட்டு ஓர் இரும்பு முளை இறக்கியிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து மூடுகற்களை மேலிருந்து ஓர் இரும்புக் கவ்வியால் பிணைத்திருப்பார்கள். கவ்வி உட்காரும் குழியில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவது வழக்கம். ஈயம் குழியை நிறைத்துக் கவ்வியை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும், இரும்பை நீரிலிருந்தும் காக்கும்.

நான் பார்த்தவரை கல் தானாகத் தேய்ந்து செத்த கைப்பிடிச்சுவர் குறைவு. இணைப்பு வழியாக நீர் இறங்கிச் செத்தவைதான் அதிகம். மூடுகல் இணைப்பில் சாந்து உதிர்கிறது, மழை உள்ளே போகிறது, ஈயம் சரியாக நிறையாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்கு உள்ளிருந்து வரும் அந்த நெருக்குதலை எந்தக் கல்லாலும் தாங்க முடியாது. முதலில் குட்டித்தூணின் கழுத்தில் முடி போல ஒரு விரிசல், பக்கத்தில் பழுப்புக் கறை. அடுத்த சில குளிர்காலங்களில் அந்த விரிசலில் நின்ற நீர் உறைகிறது. நீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஒரு நாள் காலையில் ஒரு சில்லு தரையில் கிடக்கும். பார்ப்பவர்கள் 'வயசாச்சு' என்பார்கள். வயசு காரணமே இல்லை. உள்ளே இருக்கும் இரும்புதான் காரணம்.

இருபதாம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பு இன்னொரு தீமை. உதிர்ந்த சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடும், கடைசியில் தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். சிமென்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரம் வெளியே போக வழி கல் மட்டும்தான். அதனால் சிமென்ட் கோடு முழுசாக நிற்க, இருபுறமும் கல் மாவாக உதிர்ந்து பள்ளம் விழுந்திருக்கும். இணைப்பு மேடாகவும் கல் பள்ளமாகவும் தெரிந்தால் நடந்தது என்ன என்று கேட்கவே வேண்டாம்.

கறுப்புக்கும் வருகிறேன். சுண்ணாம்புக்கல்லின்மேல் வரும் நிறமெல்லாம் ஒன்றில்லை. மழை நேரடியாகப் படும் மேற்பரப்பில் சாம்பல், வெள்ளை, மஞ்சள் வட்டங்களாகப் படர்வது லைக்கன். பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன் வகைதான். இந்த வட்டங்கள் மிக மெதுவாக வளர்பவை. உள்ளங்கை அகல வட்டம் ஒன்று உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். பெரும்பாலானவற்றால் கல்லுக்குக் கணக்கில் எடுக்கும் அளவு கெடுதல் இல்லை. மழை படாத கீழ்ப்பக்கத்தில், குட்டித்தூணின் வயிற்றுக்கு அடியில், கறுப்பு ஓடு போலப் பிடிப்பது வேறு. நிலக்கரிப் புகையின் கந்தகம் சுண்ணாம்பைத் தாக்கி ஜிப்சமாக்க, அதில் கரி சிக்கிக்கொண்ட படலம் அது. அந்த ஓடு உரியும்போது கல்லின் தோலும் கூடவே வரும். அதை எடுக்க வேண்டி வரலாம். ஆனால் அதற்கு மெல்லிய நீர்த்தூவல், குறைந்த அழுத்த நீராவி, ஈரப் பற்றுப்பூச்சு என்று பொறுமையான முறைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். அழுத்த நீர் பாய்ச்சினால் லைக்கன், ஓடு, கல்லின் மேல்தோல் மூன்றும் ஒன்றாகப் போகும். அதோடு இணைப்புகளுக்குள் வாளி வாளியாக நீர் இறங்கும். மேலே சொன்ன கவ்விகளை நினைத்துப் பாருங்கள்.

தேய்மானம் எவ்வளவு வேகம் என்பதற்கு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் மேல் கைப்பிடிச்சுவர் ஓர் அழகான சாட்சி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ட்லண்ட் சுண்ணாம்புக்கற்களைத் தூக்கி வைத்தபின் தூக்குத் துளைகளில் ஈயம் ஊற்றிக் கல்லோடு சமமாகத் தட்டிவிட்டார்கள். ஈயம் மழையில் கரையவில்லை, கல் கரைந்தது. 1980இல் ஆய்வாளர்கள் அளந்தபோது ஈயக் கட்டிகள் கல்லைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. 260 ஆண்டுத் தேய்மானத்துக்கு அதுதான் அளவுகோல். அதற்குப் பிறகும் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். லண்டன் காற்றில் கந்தகம் குறையக் குறையத் தேய்மான வேகமும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஊர்ப்புறத்து மாளிகைகளுக்கு இது நல்ல செய்தி. இன்று ஒரு நல்ல சுண்ணாம்புக்கல் குட்டித்தூணைக் காற்று கொல்வதைவிட நம் கை கொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

பழுது பார்க்கும்போது நல்ல கல்தச்சர்கள் என்ன செய்கிறார்கள்? துருப்பிடித்த முளையை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் முளை இறக்குவார்கள். உடைந்த துண்டு கிடைத்தால் அதையே ஒட்டி வைப்பார்கள். சில்லு போன இடத்தில் மட்டும் அதே கல்லில் ஒட்டு வைப்பார்கள். முழுத்தூணே போய்விட்டால்தான் புதுசு செதுக்குவார்கள். அதற்கும் முடிந்தவரை அதே குவாரிக் கல். ஹாம் குன்றிலும் போர்ட்லண்டிலும் இன்னும் கல் வெட்டுகிறார்கள். பழைய கட்டடங்களை 'முன்பு இருந்தபடி' புதுசாக்கும் பழக்கத்தை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். பழையதைத் தாங்கிப் பிடி, போலியாக்காதே என்ற அதன் கொள்கைதான் இன்று அந்நாட்டு நடைமுறையின் அடிப்படை. புதுக்கல் சில வருடம் பளிச்சென்று தனியே தெரியும். தெரியட்டும். அதற்காகத் தயிரும் சாணமும் பூசி வயதாக்கும் வேலை தேவையே இல்லை, மழை பார்த்துக்கொள்ளும்.

ஒரு சட்ட விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்டர் செய்ததை இன்று யாராவது செய்ய முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலிட்டதை அனுமதியின்றிக் கழற்றுவது இங்கிலாந்தில் குற்றம். ஆனால் தோட்டத்துக் கல்பொருள் கட்டடமா, நகர்த்தக்கூடிய உடைமையா? வார்விக்‌ஷயரில் ஐட்லிகோட் மாளிகைத் தோட்டத்தில் கல்பீடங்களின்மேல் நின்ற இரண்டு ஈய அலங்காரக் குடங்களை உரிமையாளர் 2009இல் விற்றுவிட்டார். பட்டியலில் இருப்பதால் திரும்ப வைக்கச் சொன்னது உள்ளூர் நிர்வாகம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பட்டியலில் இருப்பது மட்டுமே ஒன்றைக் கட்டடமாக்கிவிடாது, அதன் அளவு, நிலைத்தன்மை, தரையோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2020இல் தீர்ப்பு வந்தது. அடித்தளம் போட்டு எழுப்பிய ஒரு முழுக் கைப்பிடிச்சுவர் இந்த மூன்று கேள்வியிலும் தேறிவிடும் என்பது என் எண்ணம். மேலே வைத்த குடங்களுக்கும் சிலைகளுக்கும்தான் ஆபத்து. திருடர்களுக்கும் அவைதான் வசதி.

கடைசிக் கேள்வி, பழையதா வார்ப்பா. முதலில் வரிசையைப் பக்கவாட்டில் பாருங்கள். கையால் செதுக்கியதோ கடைசல் செய்ததோ, தூணுக்குத் தூண் வயிறும் கழுத்தும் நூலிழை மாறும். வார்ப்பு ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை அச்சு சேர்ந்த மெல்லிய கோடும், கழுத்து மடிப்பில் குண்டூசித் தலை அளவில் காற்றுக்குமிழிக் குழிகளும் தெரியும். அடுத்து, மழை அடிக்கும் பக்கத்தை விரலால் தடவுங்கள். சிப்பித் துணுக்குகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் மற்றது கரைந்து சிப்பி மட்டும் மேடாக நிற்கும், சொரசொரப்பாகக் குத்தும். காற்றும் மழையும் படாத பக்கத்தில் அதே தூண் வழவழவென்று இருக்கும், சில இடத்தில் உளித்தடம்கூட மிஞ்சியிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வார்ப்பு என்றால் உடனே மட்டமாக நினைக்கவும் வேண்டாம். எலினோர் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லண்டன் லாம்பெத்தில் நடத்திய பட்டறையில் களிமண் கலவையை அச்சில் அமுக்கிச் சூளையில் சுட்டுச் செய்த 'கோட் கல்' இருக்கிறதே, இருநூறு வருடம் கழித்தும் அதன் விளிம்பு அப்படியே கூர்மையாக நிற்கிறது. தோட்டத்தில் சுற்றியுள்ள கல்லெல்லாம் மழுங்கியிருக்க, ஓர் அலங்காரம் மட்டும் நேற்றுச் செய்தது போலக் கூர்மையாக இருந்தால், அதைப் புதுசு என்று ஒதுக்குவதற்கு முன் கோட் கல்லா என்று பாருங்கள். பீடத்தில் அவர் பெயரைப் பொறித்திருப்பதும் உண்டு.